கவிதை எழுதும் மகள் நிலவியல் கேட்டால்

வணக்கம் அம்மா. இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் மகள், எந்நேரமும் தமிழில் கவிதை எழுதுகிறவள், பி.எஸ்சி. நிலவியல்தான் (பாறைகளைப் படிக்கும் ஜியாலஜி) சேருவேன் என்கிறாள். பெங்களூரு அல்சூரில் வீட்டில் எல்லோருக்கும் குழப்பம் என்று எழுதியிருந்தீர்கள். "கவிதைக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற உங்கள் கேள்விக்கு ஒரு பழைய ஆளைச் சொல்கிறேன்.

ஜேம்ஸ் கேட்ஸ் பெர்சிவல், 1795இல் பிறந்த அமெரிக்கர். மருத்துவம் படித்தும் அதில் நிலைக்கவில்லை. 1820களில் பெயர்பெற்ற கவிஞர். நோவா வெப்ஸ்டரின் அகராதிப் பணியிலும் உதவினார். 1835இல் கனெக்டிகட் மாநிலம் நிலவியல் ஆய்வுக்கு அவரை அமர்த்தியது. மாநிலம் முழுக்க அலைந்து பார்த்தார். அறிக்கை வெளிவந்தது 1842இல்தான், ஏறக்குறைய 500 பக்கம். வேடிக்கை என்னவென்றால், கவிஞர் எழுதிய அதில் அலங்காரமே கிடையாது. எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அவ்வளவுதான். பிறகு விஸ்கான்சினிலும் மாநில நிலவியலாளர் ஆனார். கையில் காசு மட்டும் தங்கவில்லை. அதில் அவரைப் பின்பற்ற வேண்டாம்!

சரியான சொல்லுக்காகக் காத்திருக்கத் தெரிந்த பெண்ணுக்குக் களக்குறிப்பு, அதாவது பாறையை நேரில் பார்த்து எழுதும் குறிப்பு, நன்றாக வரும். என் சந்தேகம் வெயிலைப் பற்றித்தான். சுத்தியலும் காம்பஸுமாக நாள் முழுக்க நடக்கப் பிடிக்குமா? உங்கள் ஊர் லால்பாக் பூங்காவிலுள்ள குன்றுக்கு அனுப்புங்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி, பட்டை பட்டையாகத் தெரியும் பாறை) அது. அதிலுள்ள பட்டைகளை ஒரு மணி நேரம் பார்த்து வரையட்டும். சலிக்காமல் வந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

வேலை? பி.எஸ்சி. மட்டும் போதாது, எம்.எஸ்சி. வேண்டும். ஐ.ஐ.டி.களில் அதைப் படிக்க ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அப்புறம் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் (ஜி.எஸ்.ஐ.) மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதுவே வாசல். போட்டி கடுமை, இடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. சுரங்கம், சுரங்கப்பாதைப் பணி, நிலத்தடி நீர் ஆலோசனை எல்லாம் தனியாரிலும் உண்டு. போர்வெல் வற்றும் பெங்களூருவில் கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்காதீர்கள்.

கணிதத்தை விடச் சொல்லாதீர்கள். கல்லூரியில் ஆண்டுதோறும் களப்பயணம் உண்டா என்று சீனியர் மாணவர்களிடம் கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.