எலியைக் குணமாக்கிய புற்றுநோய் மருந்து மனிதரில் ஏன் பலிப்பதில்லை?

செங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், நான் புளியரையில் இருக்கிறேன். உங்கள் சித்திக்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடப்பதால் எழுந்த கேள்வி என்று புரிகிறது.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று ரத்தப் புரதம். ஏறிய மருந்தில் ஒரு பகுதி ஆல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சுவதுதான் கட்டிக்குள் போய் வேலை செய்யும். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் கடைவீதியில் சாமான் வாங்க முடியுமா? இறங்கினால்தானே!

இந்தப் புரதம் எலிக்கும் மனிதருக்கும் அச்சு அசலாக ஒன்றல்ல. காம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். 1966-ல் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதைத் தரும் மரம் உண்டு. அதன் மூலக்கூறில் ஒரு வளையம் மூடியிருந்தால்தான் மருந்து. ரத்தத்தில் அது தானாகவே திறக்கும், மூடும். மனித ஆல்புமின் திறந்த வடிவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் மூடிய வடிவம் மிகச் சொற்பமாகிவிடுகிறது. சுண்டெலியின் ஆல்புமினுக்கு அந்தப் பிடி இல்லை. எலியில் கட்டி கரைந்ததற்கும் மனிதரில் ஏமாற்றியதற்கும் இதுவும் ஒரு காரணம். அதிலிருந்து பின்னால் உருவாக்கிய டோபோடெகான், இரினோடெகான் என்ற மருந்துகள் இரண்டும் இப்படி மாட்டிக்கொள்வதில்லை, இன்றும் பயன்படுகின்றன.

யுசிஎன்-01 என்ற மருந்தின் கதை வேறு. மனித ரத்தத்தின் ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம் அதை இறுகப் பிடித்தது. விலங்குகளில் சில மணி நேரத்தில் குறைந்த மருந்து, மனித உடலில் வாரக்கணக்கில் தங்கியது. புற்றுநோயில் இந்தப் புரதம் கூடவும் செய்யும். அதனால் மனிதருக்கான அளவை எலியின் எடைக்கணக்கை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். உங்கள் சித்திக்குத் தரும் மருந்து அப்படி மனிதரிலேயே சோதித்து அளவு கண்டது. எலிக்கணக்கை நினைத்துப் பயப்படாதீர்கள்.