தாவர எண்ணெய்களிலிருந்து தொழில்துறை வேதிப்பொருள்களைத் தயாரிப்பது உண்மையில் நடக்கிறதா? அவை பெட்ரோலியத்துக்கு மாற்றாகுமா?

கேள்வி கேட்டவர் வேதியியல் மாணவர். தாவர எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக், பெயின்ட், கிரீஸ் எல்லாம் செய்யலாம் என்று படிக்கிறேனே, இது ஆய்வகத்தோடு நின்றுபோகும் செய்தியா, பெட்ரோலியத்தின் இடத்தை இது பிடிக்குமா, இந்தத் துறையில் நம்பி இறங்கலாமா என்று கேட்டிருக்கிறார். எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சுகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் கிடைக்கும் தாவர எண்ணெய் ஏறக்குறைய 20 கோடி டன்னுக்குச் சற்று மேல். எடுக்கப்படும் கச்சா எண்ணெயோ 400 கோடி டன்னைத் தாண்டுகிறது. ஒருவரும் ஒரு சொட்டு எண்ணெய்கூட உண்ணாமல் அத்தனையையும் தொழிற்சாலைகளுக்கே அனுப்பினாலும் இருபதில் ஒரு பங்குக்குத்தான் ஈடு கட்ட முடியும். ஆகவே ஒட்டுமொத்த மாற்று என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து பல படிகள் ஏறி, மிகுந்த ஆற்றலைச் செலவிட்டுக் கட்ட வேண்டிய சில மூலக்கூறுகளைத் தாவரம் ஏற்கெனவே முக்கால் பங்கு கட்டி வைத்திருக்கிறது. எந்த எண்ணெயில் எது கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதைச் சிதைக்காமல் பயன்படுத்துவதுதான் இந்தத் துறையின் வேலை என்பது என் கருத்து. அந்த வேலை நூறாண்டுக்கும் மேலாகத் தொழிற்சாலைகளில் நடந்து வருகிறது.

எண்ணெயின் மூலக்கூறு எளிமையானது. கிளிசரால் என்ற மூன்று கார்பன் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் எஸ்டர் பிணைப்பால் (அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது உண்டாகும் பிணைப்பு) தொங்குகின்றன. கொழுப்பு என்பது இந்த இரண்டும் சேர்ந்தது என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷல் யூஜின் செவ்ரல் 1823இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். இந்த அமைப்பில் நாம் கை வைக்கக்கூடிய இடங்கள் சிலவே: எஸ்டர் பிணைப்பு, சங்கிலியின் நடுவில் இருக்கும் இரட்டைப் பிணைப்பு, அந்த இரட்டைப் பிணைப்பை ஒட்டிய கார்பன், அபூர்வமாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH). எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடுவது சங்கிலியின் நீளமும் இந்த இடங்களின் எண்ணிக்கையும்தான்.

ஆளி விதை எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அமிலங்களில் ஏறத்தாழ பாதி, மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். மெல்லிய படலமாகப் பூசி வைத்தால் அது காற்றின் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி இறுகுகிறது. பெயின்ட் காய்கிறது என்று நாம் சொன்னாலும் இங்கே எதுவும் ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்சிஜன் சேருவதால் படலத்தின் எடை முதலில் கூடவே செய்கிறது. பெயின்ட் டப்பாவின் மேல் படியும் இந்தத் தோலைக் கண்டுதான் பிரெடரிக் வால்டன் 1860களில் லினோலியம் என்ற தரைவிரிப்பை உருவாக்கினார். இதே வினை வெப்பத்தையும் வெளியிடுவதால், இந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடித்துவிடும். ஆய்வகத்தில் இத்தகைய துணிகளைத் தண்ணீர் நிரம்பிய மூடிய உலோகக் கலத்தில் போடுவதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

சோயா எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் இதைவிடக் குறைவு. அவற்றை ஹைட்ரஜன் பெராக்சைடும் பார்மிக் அமிலமும் கொண்டு எப்பாக்சி வளையங்களாக (இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையங்கள்) மாற்றினால், பிவிசியை மென்மையாக்குவதோடு, சூட்டில் அதிலிருந்து கசியும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடித்து வைக்கவும் செய்கிற ஒரு சேர்மம் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெய், பனைக் கொட்டை எண்ணெய் ஆகியவற்றின் பன்னிரண்டு கார்பன் சங்கிலிகள் கொழுப்பு ஆல்கஹால்களாகி, சலவைப் பொருள்களுக்கும் ஷாம்புக்கும் நுரை தருகின்றன. பதினெட்டுக் கார்பனும் நடுவில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட ஒலியிக் அமிலத்தை ஓசோனால் வெட்டினால் சங்கிலி ஒன்பதும் ஒன்பதுமாகப் பிரிந்து அசெலாயிக் அமிலமும் பெலார்கோனிக் அமிலமும் வருகின்றன. முன்னது முகப்பரு மருந்திலும் பாலிமர்களிலும், பின்னது களைக்கொல்லியிலும் மசகுப் பொருள்களிலும் பயன்படுகிறது. இவை ஒவ்வொன்றும் தனிப் பதிலுக்கு உரியவை. நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது ஆமணக்கைப் பற்றி.

ஆமணக்கு எண்ணெயின் அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம் என்ற ஒன்றே. பதினெட்டுக் கார்பன் சங்கிலியில் ஒன்பதாம் கார்பனில் இரட்டைப் பிணைப்பு, பன்னிரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சில். இயற்கை எண்ணெய்களில் ஒரே அமிலம் இவ்வளவு தூய்மையாக, அதுவும் ஹைட்ராக்சிலுடன் கிடைப்பது மிக அரிது. வேறு எண்ணெயில் இப்படியோர் ஹைட்ராக்சிலை நாமாகப் பொருத்த முயன்றால் அது எங்கே போய் அமரும் என்பது நம் கையில் இருக்காது. செடியின் நொதியோ ஒவ்வொரு முறையும் அதைப் பன்னிரண்டாம் கார்பனிலேயே வைக்கிறது.

அந்த இடத்தின் அருமை சங்கிலியை வெட்டும்போது தெரியும். ரிசினோலிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டரை ஆவியாக்கிச் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செலுத்தினால், பதினொன்றாம் கார்பனுக்கும் பன்னிரண்டாம் கார்பனுக்கும் இடையே சங்கிலி அறுகிறது. ஏழு கார்பன் கொண்ட ஹெப்டனல் என்ற ஆல்டிஹைடு ஒரு பக்கம், பதினொரு கார்பன் கொண்ட அன்டெசிலினிக் அமிலத்தின் எஸ்டர் மறுபக்கம். முன்னது வாசனைத் திரவியத் தொழிலுக்குப் போகிறது. பின்னது அமிலமாக மாற்றப்பட்டு, நுனியில் ஹைட்ரஜன் புரோமைடு சேர்க்கப்பட்டு, பிறகு அமோனியாவோடு வினைபுரிந்து, அமினோ அன்டெகனாயிக் அமிலமாகி, நைலான் 11 ஆகிறது. பிரான்சில் 1940களில் உருப்பெற்று ரில்சான் என்ற பெயரில் வந்த பிளாஸ்டிக் இதுதான்; இன்றும் வாகனங்களின் எரிபொருள் குழாய்களிலும் காற்றழுத்தத் தடைக் குழாய்களிலும் இருக்கிறது. ஈரத்தை ஈர்க்கும் இடங்களான அமைடு தொகுதிகள் நைலான் 6இல் இருப்பதைவிட விலகி விலகி அமைந்திருப்பதால் இது ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது. பெட்ரோலியப் பொருளைப் பார்த்துச் செய்த நகல் என்று இதைச் சொல்ல முடியாது. இதன் தகுதி இதற்கே உரியது.

அதே எண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் வெட்டு வேறிடத்தில் விழுகிறது. இப்போது பத்தும் எட்டும். பத்துக் கார்பன் கொண்டது செபாசிக் அமிலம். அதிலிருந்து தூரிகை இழைகளுக்கான நைலான் 6,10, குளிரிலும் விறைக்காத பிளாஸ்டிசைசர்கள் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்கள்), உயர்தர மசகு எண்ணெய்கள் எல்லாம் பிறக்கின்றன. எட்டுக் கார்பன் கொண்டது 2-ஆக்டனால் என்ற ஆல்கஹால். ஒரே சங்கிலி, அதே பதினெட்டுக் கார்பன். வெப்பத்தால் பதினொன்றும் ஏழுமாக, காரத்தால் பத்தும் எட்டுமாக. மாணவனாக இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த நாளில்தான் இந்தத் துறையின் மேல் எனக்குப் பற்று வந்தது.

வெட்டாமலே பயன்படுத்தும் வழிகளும் உண்டு. நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜனேற்றம் செய்தால் எண்ணெய் மெழுகாக இறுகுகிறது. அதிலிருந்து எடுத்த 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலத்தை லித்தியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்தால் ஒரு சோப்பு உண்டாகும். மசகு எண்ணெயில் அது நுண்ணிழைகளாகப் பின்னிக்கொண்டு, பஞ்சு நீரைப் பிடிப்பதுபோல எண்ணெயைப் பிடித்து வைக்கும். உலகெங்கும் பேரிங்குகளில் இடப்படும் லித்தியம் கிரீஸ் இதுவே. இழைகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்க, பன்னிரண்டாம் கார்பனின் அந்த ஹைட்ராக்சிலுக்கும் பங்குண்டு.

எண்ணெயை உடைக்கும் எந்த வழியிலும் கிளிசரால் மிஞ்சும். பயோடீசல் செய்யும்போது 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 10 கிலோ கிளிசரால் வந்து சேருகிறது. முன்பு பெட்ரோலியப் பொருளான புரொப்பிலீனிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் என்ற சேர்மத்தைச் செய்து அதிலிருந்து கிளிசராலும் தயாரித்தார்கள்; பயோடீசல் பெருகிக் கிளிசரால் தேங்கியபின் சில ஆலைகள் அந்தப் பாதையைத் திருப்பிப் போட்டு, கிளிசராலிலிருந்து எபிகுளோரோஹைட்ரினையும் அதன் வழியே எப்பாக்சி பிசினையும் தயாரிக்கத் தொடங்கின.

தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருளைத் தூயது என்று எண்ணிவிடாதீர்கள். பனை எண்ணெய்க்காகக் காடுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. உணவுப் பயிரின் நிலத்தைப் பிடுங்கிச் செய்யும் பிளாஸ்டிக்கை என்னால் நல்லது என்று சொல்ல இயலாது. நைலான் 11 முழுக்கச் செடியிலிருந்து வந்தாலும் மண்ணில் மட்கிப் போவதில்லை. ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது; அது எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே தங்குவதால், பிண்ணாக்கை வெப்பத்தால் பதப்படுத்த வேண்டும். அதன் தூசியே ஒவ்வாமையை உண்டாக்கும். ஆலையில் அதைக் கையாளும் தொழிலாளர்களின் மூச்சைப் பற்றியும் பேசாமல் பசுமை வேதியியல் என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

நீங்கள் இந்தத் துறைக்கு வரலாம். வந்தால் புதிய வினைகளைத் தேடுவதற்கு முன் அமில எண் (பிரிந்து கிடக்கும் அமிலத்தின் அளவு), அயோடின் எண் (இரட்டைப் பிணைப்புகளின் அளவு), ஹைட்ராக்சில் எண் (ஹைட்ராக்சிலின் அளவு), ஈரப்பதம் ஆகிய நான்கையும் உங்கள் கையாலேயே அளந்து பழகுங்கள். எண்ணெய் விளைபொருள், பருவத்துக்குப் பருவம், பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில். ஆமணக்கு எண்ணெயில் ஹைட்ராக்சில் இயல்பாகவே இருப்பதால் அதை, ஹைட்ராக்சிலோடு வினைபுரியும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளுடன் நேரடியாகக் கலந்து பாலியூரித்தேன் ஆக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் அப்படிக் கலந்து வார்த்த தகடு, மறுநாள் காலையில் ரொட்டித் துண்டுபோல உள்ளே எங்கும் குமிழிகளோடு கிடந்தது. ஐசோசயனேட்டை மாற்றினேன், வினையூக்கியைக் குறைத்தேன். இரண்டு வாரம் வீணாயிற்று. கடைசியில் கார்ல் பிஷர் முறையில் எண்ணெயின் ஈரத்தை அளந்தபோது 0.3 சதவீதம் என்று வந்தது. பார்வைக்குத் தெளிவாகவே இருந்த எண்ணெய் அது. ஆனால் நீர் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். 100 கிராம் எண்ணெயில் இருக்கும் அந்த 0.3 கிராம் நீர், அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் வாயுவைத் தரும். போதாக்குறைக்கு, எண்ணெய்க்கென்று கணக்கிட்டுச் சேர்த்த ஐசோசயனேட்டில் பத்தில் ஒரு பங்கையும் அந்த நீரே விழுங்கிவிட்டிருந்தது.

அதே பீப்பாயிலிருந்து எடுத்த எண்ணெயை வெற்றிடத்தில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, கலக்கிக்கொண்டே இரண்டு மணி நேரம் உலர்த்தினேன். முதலில் நுரைத்துப் பொங்கியது, பிறகு மெல்ல அடங்கி அசைவற்றுப் போயிற்று. மற்ற எதையும் மாற்றாமல் மீண்டும் வார்த்தேன். மறுநாள் எடுத்த தகட்டை அச்சிட்ட தாளின் மேல் வைத்தபோது, இளமஞ்சள் நிறத்தின் ஊடாகக் கீழிருந்த எழுத்துகள் அத்தனையையும் படிக்க முடிந்தது.