ஐஸ் இல்லாமல் பஸ் ஏறிய ரத்தம்

உங்கள் கடிதம் படித்தேன். அம்மாவின் ஏ.சி.டி.எச். (கார்டிசால் சுரக்கச் சொல்லி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) குறைவாக 4 என்று வந்ததும் இணையத்தில் தேடி, பிட்யூட்டரியில் கட்டி என்று முடிவே கட்டிவிட்டீர்கள். அந்த எண்ணை நான் நம்பவில்லை. குமுளியில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவர், குழாயைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பஸ்ஸில் கோட்டயத்துக்கு அனுப்பினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாலு மணி நேர மலைப்பாதை. ஏ.சி.டி.எச். அதைத் தாங்காது. ரத்தத்தில் இருக்கும் நொதிகளே அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். எல்லா ஹார்மோனும் இப்படியல்ல. தைராய்டு டி.எஸ்.எச். சாவகாசமாகப் பயணம் செய்யும். ரத்த அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட ரெனினை ஐஸில் வைத்தால் அளவு பொய்யாகக் கூடிவிடும்!

நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட எண் ஒன்று அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. காலை எட்டு மணி கார்டிசால் 2. இது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். கார்டிசால் அவ்வளவு எளிதில் கெடாது, அதனால் பஸ் மீது பழி போட முடியாது. காலையில் 3-க்குக் கீழே என்றால் அட்ரினல் சுரப்பி வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அம்மாவின் மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் இரண்டு வருடம் வாங்கிய 'சின்ன மாத்திரை'. முதல் டோஸிலேயே வலி போனது, பசி எடுத்தது, போகப் போக முகம் உப்பியது என்கிறீர்களே, அது கார்டிசாலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். அது வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும்வரை மூளை ஏ.சி.டி.எச். அனுப்பாது, அட்ரினலும் தூங்கிவிடும். ஆக, அந்த 4 நிஜமாகவே இருந்தாலும் கட்டியைத் தேட வேண்டியதில்லை. யாரோ பயமுறுத்தினார்கள் என்று மூன்று வாரத்துக்கு முன் அந்த மாத்திரையை, அட்ரினல் விழிக்கும் முன்பே, ஒரேயடியாக நிறுத்தினீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கவலை.

அம்மாவுக்கு வாந்தி நிற்கவில்லை, எழுந்தால் தலை சுற்றி விழப் பார்க்கிறார், பேச்சு குழறித் தூங்கித் தூங்கி விழுகிறார், காய்ச்சலோடு சோர்ந்து கிடக்கிறார்: இதில் எது வந்தாலும் மறுபரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். மலை இறங்கிக் கம்பமோ, இந்தப் பக்கம் வண்டிப்பெரியாறோ, கிட்டே இருக்கும் காஷுவாலிட்டிக்கு ஓடுங்கள். "இரண்டு வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தியவர், கார்டிசால் 2" என்று வாசலிலேயே சொல்லுங்கள். கார்டிசாலையே மருந்தாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் உயிர் காக்கும்.

இது எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அளவோடு மாத்திரை தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பார். பழைய கடைக்குப் போய் நீங்களாகத் திரும்ப வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டம்மா கொடுத்த தைராய்டு மாத்திரையும் வேண்டவே வேண்டாம். கார்டிசால் குறைவாக இருக்கும்போது அது நிலைமையை மோசமாக்கும். நீங்கள் கேட்ட முடி உதிர்வு, பாத வெடிப்பு எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

ஏ.சி.டி.எச். மறுபடி தேவை என்று மருத்துவர் சொன்னால், அம்மாவைக் காலையில் லேபுக்கே கூட்டிப் போங்கள். குழாய் ஐஸில் போகிறதா என்று நின்று பாருங்கள். அந்தச் சின்ன மாத்திரையில் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.