சன்னலை எந்தப் பக்கம் அடைப்பது?

அன்புள்ள அண்ணாச்சி,

நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன். அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். அவ்வாறு வேலை செய்வோருக்குக் கோஸ்ட்டா ரிக்கா நாடு தரும் ஓராண்டு விசாவில், கடந்த செப்டம்பரில் மனைவியுடன் தாமரிந்தோ என்னும் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தேன். படத்தில் பார்த்த சொர்க்கம் இங்கே இல்லை. ஒரே மாதத்தில் கத்தரிக்கோலும் சைக்கிள் சங்கிலியும் துருவேறிவிட்டன. தோல் செருப்பில் பூஞ்சை படர்கிறது. விடிவதற்கு முன்பே மரத்திலிருந்து குரங்குகள் சிங்கம்போல உறுமுகின்றன. குழாய் சரிசெய்பவர் நாளை என்று சொல்லி நான்காம் நாள் வந்தார். வீடுகளுக்கு எண் இல்லை. முகவரி கேட்டால் “இன்ன கடையிலிருந்து 200 மீட்டர் தெற்கே” என்கிறார்கள். ஸ்பானிய மொழி நாக்கில் ஏற மறுக்கிறது. புளி இல்லாமல் ரசம் வைத்தே ஒன்றரை மாதம் ஆகிறது. மனைவி ஊருக்குப் போய்விடலாம் என்கிறாள். விசாவை மேலும் ஓராண்டு நீட்டிக்க வழி உண்டு. அந்நிய மண்ணுக்கு ஒருவன் உண்மையிலேயே பழகிக்கொள்ள முடியுமா, அல்லது திரும்பிவிடுவதுதான் சரியா?

க., பாளையங்கோட்டை (தற்போது தாமரிந்தோ)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் நம் பக்கத்துக் கடற்கரை ஊரான உவரிக்குப் போய்விட்டுத் திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் நான் குடியிருந்த ஒரு வீட்டைத் தேடி அந்தப் பக்கம் போயிருந்தேன். வீடு இல்லை, அதன் கிணற்றடிக் கல் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தது. அந்த நினைப்பிலேயே இருந்ததால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். இல்லையென்றால் விசா பற்றிய கடிதங்களை நான் பிரிப்பதுகூட இல்லை.

முதலில் புளியைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. குடியிருக்கும் ஊரின் பெயருக்கு என்ன பொருள் என்று ஒருவரிடமாவது கேட்டீர்களா? தாமரிந்தோ என்றால் ஸ்பானிய மொழியில் புளி. புளிய மரங்களால் பெயர்பெற்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு புளி கிடைக்கவில்லை என்று பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் எழுதுவதை, நம்மாழ்வார் அமர்ந்த உறங்காப்புளியைக் கோயிலுக்குள் வைத்திருக்கும் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்திலிருந்து நான் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் தோன்றிய மரம் அது. நம்மிடம் வந்து நம்முடையதாகி, ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும்படி அரபியர் வைத்த தமர் ஹிந்தி என்ற பெயரோடு கடல் தாண்டிப் போயிருக்கிறது. அதற்கு ஈடாக ரசத்தில் கிள்ளிப்போடும் மிளகாய் வற்றலை அமெரிக்கக் கண்டம் நமக்குத் தந்தது. அந்நாட்டில் புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டுக் குளிர்பானமாகக் குடிக்கிறார்கள். அதை விற்பவரிடம் பழம் எங்கே வாங்குகிறீர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்கள் வீட்டில் அன்றைக்கே ரசம் கொதித்திருக்கும்.

மொழியைப் பற்றிய புலம்பலை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மேசை, சப்பாத்து, கோப்பை என்று போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்களைப் பிறந்ததுமுதல் கேட்டவர் நீங்கள். அவற்றின் உடன்பிறப்புகள்தாம் அங்கே கடைத்தெருவில் நடமாடுகின்றன. குரங்கு உறுமுவது குரங்கின் தொழில். முகவரி விஷயத்திலோ நெல்லைக்காரருக்கு வாயே திறக்க உரிமை இல்லை. அந்நாட்டின் தலைநகரான சான் ஹோசேயில், வெட்டுண்டு போன ஓர் அத்திமரம் இருந்த இடத்தை வைத்து இன்னமும் வழி சொல்வார்கள். இடித்துப் பல காலமான தியேட்டரின் பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறும் நமக்கு இதைவிட நெருங்கிய சொந்தக்காரர்கள் உலகில் வேறு எங்கே இருக்கிறார்கள்?

எனக்கு உறைத்தது ‘அந்நிய மண்’ என்ற உங்கள் சொல். தாமரிந்தோ ஏறத்தாழ நம் திண்டுக்கல்லின் அட்சரேகையில் இருக்கிறது. வெயில் அதே வெயில்தான். தேங்காயும் வாழையும் மாங்காயும் விளைகின்றன. சோறும் பயறும்தான் காலை உணவு. நீங்கள் அடுக்கிய துரு, பூஞ்சை, ஈரம் இவற்றில் எதற்கும் கடவுச்சீட்டு கிடையாது. அவை எந்த நாட்டின் குணமும் அல்ல, கடலின் குணம். பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய உவரியிலோ கூத்தங்குழியிலோ குடியேறியிருந்தாலும் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பீர்கள். நீங்கள் வெளிநாட்டுக்குப் போனது பிற்பாடு. அதற்கு முன்பே கடற்கரைக்குப் போய்விட்டீர்கள், அதை நீங்கள் கவனிக்கவில்லை.

நாம் ஆற்றங்கரை ஜனங்கள். பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? வருடத்துக்கு ஒருமுறை திருச்செந்தூருக்குப் போவோம், கடலில் முங்குவோம், உடனே நாழிக்கிணற்றுத் தண்ணீரில் உடம்பிலுள்ள உப்பைக் கழுவிக்கொண்டு வீடு திரும்புவோம். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபின் கடலோரத்தின் பெரும்பகுதி கணக்கிலிருந்தும் போய்விட்டது. அதற்கு முன்பும் அது நம் மனதில் இருந்ததாக நான் சொல்லமாட்டேன்.

எனக்கும் இருந்ததில்லை. 1979-இல், உவரிக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்து, கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் சைக்கிளும் ஒரு கட்டு அப்பளமுமாகப் போய் இறங்கினேன். மூன்றாம் நாளே அப்பளம் நனைந்த துணிபோலத் தொய்ந்தது. பத்தாம் நாள் பெட்டியின் தாழ்ப்பாள் திறக்கவில்லை. சமையல் உப்பு சாடிக்குள்ளேயே தண்ணீராகிக் கிடந்தது. எப்படியாவது மாறுதல் வாங்கித் தரவேண்டும் என்று என் தகப்பனாருக்கு எழுதிய கடிதம், குரங்கு ஒன்றைத் தவிர, உங்கள் கடிதம்போலவே இருந்தது.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டி மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். எனக்குக் கடற்கரையைச் சொல்லித் தந்தவர் அவர்தான். சைக்கிளுக்கு நான் தினமும் தேங்காயெண்ணெய் பூசுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைக்க வேண்டும், காய்ந்த பிறகுதான் எண்ணெய்; உப்பின்மேல் எண்ணெய் பூசினால் அது உள்ளேயே இருந்து அரிக்கும். பெட்டியைத் தரையில் வைக்கக்கூடாது, பனஞ்சட்டத்தின் மேல் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். உப்புச் சாடிக்குள் ஒரு பிடி வறுத்த அரிசி. தோல் செருப்பைப் பூட்டி வைக்காமல் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். (குளிரூட்டிய அறையை விட்டு வெளியே எடுத்ததுமே எல்லாப் பொருளிலும் ஈரம் கோக்கிறது என்பதை இத்துடன் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம், அவருக்கு அந்தத் தொல்லை இல்லை.) குடிதண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருப்பதால் மேலாகச் சிரட்டையால் கோரி எடுக்க வேண்டும், ஆத்திரப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். ஆற்றில் குடத்தை முக்கி எடுத்துப் பழகியவனுக்கு ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் குந்தியிருப்பது என்னவென்று அங்கேதான் தெரிந்தது. வரட்சிக் காலத்தில் உங்கள் தாமரிந்தோக் கிணறுகளிலும் இதே கணக்குத்தான் செல்லும்.

இவையெல்லாம் கிடக்கட்டும், சன்னல் கதையைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. ஆனி பிறந்ததும் கச்சான் காற்று வீசத் தொடங்கியது. படுக்கையில், சோற்றில், மாணவர்களின் நோட்டுகளில் என்று எங்கு பார்த்தாலும் சிவந்த மணல். கடல்தான் வாரி இறைக்கிறது என்று முடிவுகட்டி, கடலைப் பார்த்த சன்னலுக்குச் சாக்கு அடித்து, அதன்மேல் பலகை வைத்து, இடுக்கில் காகிதம் திணித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாடுபட்டேன். அன்றிரவும் மணல் வந்தது. உள்ளே புழுக்கமும் சேர்ந்துகொண்டது. காலையில் பாட்டி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “வாத்தியாரே, கடலு உமக்கு என்ன செஞ்சிது, அதப் போய் அடைச்சிருக்கீரு? மண்ணு உம்ம ஊரு பக்கமிருந்துல்லா வருது!”

உண்மைதான். கச்சான் மேற்கிலிருந்து நிலத்தின்மேல் ஓடிவந்து, தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டு கடலுக்குப் போகும் காற்று. இன்றைக்கு ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதும் அதுவே. நான் மேற்குச் சன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டுக் கிழக்கே பலகை அடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அந்த ஊரில் இருந்தேன். மாறுதல் உத்தரவு முதலாண்டு முடிவிலேயே வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், தகப்பனார் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

ஆனால் உவரிப் பாட்டியின் பாடம் அத்தனையும் தாமரிந்தோவில் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இருக்காது. உங்கள் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 3 மீட்டர்வரை போகும். மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தால் திரும்பும்போது செருப்பும் இராது, நடந்த மணலும் இராது. நீர் வற்றியிருக்கிறதே என்று வடக்கே முகத்துவாரத்தைக் காலால் கடந்து தோல் ஆமைகள் முட்டையிட வரும் பிளாயா கிராந்தேக்குப் போக நினைக்காதீர்கள். அதில் முதலை உண்டு. படகுக்காரருக்குக் காசைக் கொடுத்துப் போங்கள், போகும்போது அவரிடம் பேச்சுக் கொடுங்கள். உங்களுக்கு வேண்டிய பாட்டி அநேகமாக அவர் வீட்டில்தான் இருப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனைவி ஊருக்குப் போகலாம் என்கிறாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். நீங்கள் குளிரூட்டிய அறையில் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் அந்தத் துருவோடும் ஈர உப்போடும் காயாத துணியோடும் மல்லுக்கட்டுவது யார்? அந்தப் பெண்ணிடம் அவளுக்கு அங்கே என்ன வேண்டும் என்று கேட்டீர்களா, அல்லது என்னிடம்தான் கேட்டீர்களா? நீட்டிப்பதா, திரும்புவதா என்பதை இருவரும் பேசி முடிவெடுங்கள், அதில் எனக்கு வேலை இல்லை. தேங்காய் மலிவாகக் கிடைக்கும் ஊர் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே மூன்று பால் எடுத்துச் சொதி வைத்து அவளுக்குப் பரிமாறுங்கள், பேச்சு தானாகத் தொடங்கும்.

நீங்கள் போய்ச் சேர்ந்தது மழை மிகுந்த மாதங்களில். மே முதல் நவம்பர் வரையிலான அந்தக் காலத்தை அவர்கள் குளிர்காலம் என்றும், அதற்குப் பிந்திய வறண்ட மாதங்களைக் கோடை என்றும் சொல்வார்கள். டிசம்பரில் மழை ஓய்ந்து, பூஞ்சை காய்ந்து, காட்டு மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கும்போது வடகிழக்கிலிருந்து பாப்பகாயோ என்ற காற்று கிளம்பி ஊர்ப் புழுதியையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். உங்களுக்குக் கடல் மேற்கே இருக்கிறது. எந்தச் சன்னலை அடைத்தீர்கள் என்று ஜனவரியில் எனக்கு எழுதுங்கள்.