ஒற்றைக் கை ஸ்வெட்டர்

வணக்கம் மேடம்,

எனக்கு 34 வயது. மார்த்தாண்டம் பக்கம் வீடு. ஒரு முந்திரி ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 2020 ஊரடங்கில் வீடியோ பார்த்து நிட்டிங் பழகினேன். இந்த வெக்கையில் யாருக்கு ஸ்வெட்டர் என்று சிரிக்காதீர்கள். அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான், குடும்பம் டில்லியில்.

பிரச்சினை என்னவென்றால், நான் எதையும் முடிப்பதில்லை. போன வாரம் கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டைப்பையைக் கொட்டி எண்ணினேன். பதினொன்று! அண்ணன் மகனுக்கு இரண்டு வயதில் தொடங்கிய ஸ்வெட்டரில் முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை எல்லாம் ஆகிவிட்டது. மற்ற கை இல்லை. அவனுக்கு இப்போது நாலு வயது. நாலு எம்.எம். ஊசியைத் தேடினால் அது பாதி மஃப்ளரில் குத்தியபடி கிடக்கும். சரி என்று வேறு ஊசி வாங்குவேன். ஊசி வந்தால் கூடவே நூலும் வந்துவிடும்.

மாமி முளகுமூடு பக்கத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் கூலிக்கு லேஸ் பின்னியவர். நான் முதன்முதலில் முடித்த குழந்தைத் தொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பி, நூல் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். "கொள்ளாம் மக்களே" (பரவாயில்லை) என்று திருப்பித் தந்தார். இப்போது ஊசியை எடுத்தாலே "பழையத முடிச்சாச்சா?" என்கிறார்.

பழையதை முடிக்காமல் புதிதைத் தொடுவதில்லை என்று புத்தாண்டு ஆராதனையில் மனதுக்குள் ஒரு பொருத்தனை செய்தேன். இரண்டு மாதமாகப் பழையதையும் தொடவில்லை. ராத்திரி முழுக்க போனைத் தள்ளிக்கொண்டு இருக்கிறேன். இது ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக்குறைபாட்டுப் பிரச்சினை என்று ரீல்ஸில் சொல்கிறார்கள். எனக்கும் அதுதானா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்ல, அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொந்தரவும் தர வேண்டும். அலுவலகத்தில் மார்ச் 31 கணக்கை முடிக்கிறீர்களா? கரண்ட் பில் நேரத்துக்குக் கட்டுகிறீர்களா? பள்ளியில் எப்படி இருந்தீர்கள்? இங்கெல்லாமும் இதே கதை என்றால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். கட்டைப்பையில் மட்டும்தான் என்றால், ரீல்ஸை நம்பி ஒரு நோயைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது தொப்பி விஷயத்தைத்தான். முடித்த பொருளை யாரும் திருப்பிப் பார்க்கலாம். ஊசியில் நிற்கும் பொருளை யார் என்ன சொல்ல முடியும்? அது இன்னும் ஆகவில்லையே! அந்தக் "கொள்ளாம்" உங்களை எங்கோ குத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் மாமி கெட்ட எண்ணத்தில் திருப்பியிருக்க மாட்டார். 1820களில் மிஷனரி குடும்பத்து மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, நம் மாவட்டத்தில் எத்தனையோ பெண்களுக்கு அது சோறு போட்ட வேலை. கூலிக்குப் பின்னுகிறவளுக்குப் பாதி லேஸுக்குக் காசு கிடையாது. உள்பக்கம் அசிங்கமாக இருந்தால் துண்டு திரும்பி வரும். அந்தக் கண் அவருக்குப் பழகிய கண். நீங்கள் கூலிக்குப் பின்னவில்லை. அவருடைய சட்டத்தை உங்கள் பைக்குப் போட்டால் என்ன ஆகும்? இந்த இரண்டு மாதம் ஆனதுதான் ஆகும்.

அதனால் அந்தப் பொருத்தனையைத் தளர்த்துங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பையிலிருந்து ஒன்று வெளியே போனால் புதிதாக ஒன்றுக்குக் கண்ணி போடலாம். முடித்துத்தான் வெளியேற்ற வேண்டும் என்பதில்லை, உருவிவிட்டாலும் கணக்குதான். இவ்வளவு நாள் பின்னினோமே, இவ்வளவு நூல் வாங்கினோமே என்று பிடித்துவைப்பது எல்லோருக்கும் உள்ள குணம். போட்ட காசு எப்படியும் போய்விட்டது. இனி போடப்போகும் ராத்திரிகள்தான் உங்கள் கையில் இருக்கின்றன.

அரைகுறை வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதைப் பற்றி 1927இலேயே ப்ளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். முடிக்காத வேலை முடித்ததைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்றார். பிற்பாடு எல்லாச் சோதனையிலும் அது அப்படியே வந்துவிடவில்லை. எனக்குப் பிடித்தது 2011இல் வந்த வேறொரு ஆய்வு. வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்த அரிப்பு அடங்குகிறது என்று அதில் கண்டார்கள். ஆகவே பதினொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்துங்கள். எந்த ஊசி, எத்தனையாவது வரி, ஏன் நின்றது. ஊசியை உருவி, கண்ணிகளை ஒரு வேற்று நிற நூலில் கோத்து வையுங்கள். ஊசிகள் வீடு திரும்பும்!

அந்த "ஏன் நின்றது" என்ற இடத்தில் "சோம்பேறித்தனம்" என்று எழுதக்கூடாது. நானும் கொஞ்சம் பின்னுவேன், அதனால் சொல்கிறேன், காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். நூல் தீர்ந்து, அடுத்து வாங்கிய உருண்டை வேறு சாயத் தொகுப்பாக நிறம் மாறியிருக்கும். அப்படியானால் இரண்டு வரி பழைய நூல், இரண்டு வரி புது நூல் என்று மாற்றிப் பின்னுங்கள், கண்ணுக்குத் தெரியாது. அல்லது பாகங்களைத் தைத்து இணைக்கும் வேலை மட்டும் பாக்கி இருக்கும்.

தையல் பாக்கி உள்ளவற்றை மாமியிடம் கொடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். "உள்பக்கம் எனக்குச் சரியாக வரவில்லை, சொல்லித் தாங்க மாமி" என்று அருகில் உட்காருங்கள். மாட்டேன் என்றாலும் நஷ்டமில்லை.

அண்ணன் மகனின் ஸ்வெட்டருக்கு இரண்டாவது கை பின்ன வேண்டாம், அது இனி அவனுக்குச் சேராது. அதை உருவுங்கள். உருவிய நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு வரும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, குளிர்ந்த நீரில் நனைத்து நிழலில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். நம் ஊர் மழைநாளில் காய இரண்டு நாள் பிடிக்கும். நாலு வயதுக்காரனுக்கு ஒரு தொப்பியும் மஃப்ளரும் பின்ன அந்த நூல் போதும் என்றுதான் நினைக்கிறேன். அண்ணியிடம் தலைச்சுற்றளவு மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள்.