கைவேலைச் சட்டகத்தில் கட்டிய பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே திருத்தி, வயரிங்கையும் நாமே புதிதாகச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் வயரிங்கை முதலில் முடித்து வண்டியை ஓடவைத்துவிட்டு, சட்டகத்தைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். களுவாஞ்சிகுடியில் உங்கள் வீட்டில் நிற்பது ட்ரயம்ப் 650 இயந்திரத்தைப் பட்டறையில் ஒட்டிய சட்டகம் ஒன்றில் ஏற்றிய வண்டி என்றும், வயர்கள் எலி கடித்தும் உக்கியும் போய்விட்டன என்றும், கராஜ்காரர் எல்லாவற்றையும் வெட்டியெறிந்துவிட்டு இந்திய வண்டி ஒன்றின் வயர்த் தொகுதியை அப்படியே போடலாம் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆலோசனை ஏன் சரிவராது என்பதை, கல்லடியில் என் வீட்டுக் கொட்டிலில் இதே வகை வண்டி ஒன்றோடு நான் மல்லுக்கட்டிய அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது, என் பெரியப்பா கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பி.எஸ்.ஏ. பி31. ஒற்றைச் சிலிண்டர், 348 சி.சி., பின்சில்லுக்கு ஸ்பிரிங் எதுவும் இல்லாத இறுகிய சட்டகம். அம்பாறைக்கும் இங்கினியாகலைக்கும் இடையே அந்நாளில் இருந்த கிரவல் வீதியில் ஓடி ஓடிப் பின்குழாய் வெடித்துவிட, மட்டக்களப்பில் ஒரு பட்டறைக்காரர் பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டு, வேறொரு வண்டியின் சுவிங் ஆர்மை, அதாவது பின்சில்லைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கவையை, ஒட்டித் தந்திருக்கிறார். பர்மிங்காமில் இருந்த பி.எஸ்.ஏ. கம்பனி இந்த மாதிரிக்கு சுவிங் ஆர்ம் போட்டது 1954 இல்தான். பர்மிங்காமுக்கு முன்பே மட்டக்களப்பில் அது செய்யப்பட்டுவிட்டது என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், நான் ஒருநாளும் நம்பியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வண்டி கொட்டிலோடு சேர்ந்து கடல்நீரில் கிடந்தது. அதன்பின் அதை நான் கையில் எடுத்தது 2021 இல்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் பதிவுப் புத்தகத்தை எடுத்து, அதில் உள்ள சட்டக இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கைவேலைச் சட்டகங்களில் பழைய சட்டகத்தின் தலைப்பகுதி மட்டுமே மிஞ்சியிருப்பதும், இலக்கம் அதில் இருப்பதும் வழக்கம். அந்த இடத்தில் கிரைண்டர் படக்கூடாது.

சட்டகத்தைப் பெயிண்ற் நீக்கி வெறும் இரும்பாக்கியபின் வெடிப்புத் தேடுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒட்டுகளின் மேல் மண்ணெண்ணெயைத் துணியால் தாராளமாகப் பூசி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பின்னர் ஈரமே தெரியாமல் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துச் சோக்கட்டியை இடித்த தூளை அதன்மேல் தடவிவிட வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே வந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஒரு கறுத்த கோட்டை வரைந்துவிடும். என்னுடையதில் சீற்றுக்குக் கீழே, பழைய குழாயும் பட்டறைக்காரர் ஒட்டிய குழாயும் சந்திக்கும் இடத்தில், ஒரு விரலளவு நீளத்துக்கு அந்தக் கோடு தோன்றியது. வயரிங்கை முதலில் முடித்திருந்தால், வெல்டிங் தீயில் அத்தனை வயரும் கருகியிருக்கும். அதனால்தான் வரிசையை மாற்றச் சொன்னேன்.

வெல்டிங் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காலத்துப் பிரித்தானியச் சட்டகங்கள் பலவற்றில் குழாய்கள் நேருக்கு நேர் உருக்கி ஒட்டப்படவில்லை. வார்ப்பு இரும்பாலான மூட்டுகளுக்குள் குழாயைச் செருகிப் பித்தளையால் பற்றவைத்திருப்பார்கள். அந்த வார்ப்பு மூட்டின்மேல் மின்வெல்டிங் வைத்தால் உருகி ஆறிய இடம் கடினமாகி, கண்ணாடி போல உடையும் தன்மைக்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து ஒட்டுக்கு அருகிலேயே வெடிக்கும். ஆகவே வெல்டரிடம் வண்டியைக் கொடுக்கும்போது அருகில் நின்று, மூட்டு எது, குழாய் எது என்று காட்டிக் கொடுங்கள். மூட்டில் பித்தளைப் பற்று, குழாயில் வெல்டிங் என்று பிரித்துச் செய்பவராக இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் இரண்டு சில்லுகளையும் போட்டு, பின்ரயரிலிருந்து முன்ரயர் வரை இருபுறமும் நூல் கட்டிப் பாருங்கள். என் வண்டியின் பின்சில்லு 9 மில்லிமீற்றர் இடப்பக்கம் தள்ளி நின்றது. பெரியப்பா எப்போதும் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓட்டியதற்கு அவருடைய இடுப்புவலியைக் காரணம் என்று நினைத்திருந்தோம்.

இனி வயரிங். இந்திய வண்டியின் வயர்த் தொகுதி பொருந்தாது என்பதற்கு நீளம், குட்டை மட்டும் காரணமல்ல. அந்தத் தொகுதி பற்றரியின் எதிர்முனையை ஏர்த் ஆக, அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியே திரும்பிவரும் முனையாக, கொண்ட வண்டிக்கு வெட்டப்பட்டது. 1950களிலிருந்து நெடுங்காலம் வந்த பிரித்தானிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் பற்றரியின் நேர்முனையை உடலோடு சேர்த்தவை. 1960களின் வண்டிகள் பலவற்றில் சிவப்பு வயர்தான் ஏர்த். சிவப்பைக் கண்டதும் மின்னோட்டம் உள்ள வயர் என்று நினைத்துப் பழகிய கை அங்கே தவறு செய்யும். கம்பனியின் வயர் வரைபடத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கைவேலைச் சட்டகத்தில் பற்றரி இருந்த இடம் மாறியிருக்கும், சுவிச்சுகள் மாறியிருக்கும். பழைய வயர் ஒவ்வொன்றையும் கழற்றுமுன் இரண்டு முனைகளிலும் ஒரே இலக்கம் எழுதிய துண்டை ஒட்டி, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு பெரிய அட்டையில் உங்கள் வண்டிக்கென்று ஒரு படம் வரையுங்கள். அந்த அட்டை எனக்குப் பட்டறைக்காரரைவிட அதிகம் உதவியது.

படம் வரையத் தொடங்கினால், இந்த வண்டிகளின் மின்னமைப்பு எவ்வளவு எளிமையானது என்பதும் புரியும். என் பி31 இல் தீப்பொறிக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லை. தீப்பொறியை மக்னீட்டோ தானே உண்டாக்கிக்கொள்கிறது, அதற்குப் பற்றரி தேவையில்லை. மக்னீட்டோவின் முதுகில் ஏறியிருக்கும் டைனமோ 6 வோல்ற்றுப் பற்றரியை ஏற்றி விளக்கையும் ஹோனையும் பார்த்துக்கொள்கிறது. மக்னீட்டோவிலிருந்து வெளியே வரும் ஒரே மெல்லிய வயர், இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானுக்கு உரியது. பொத்தானை அமுக்கினால் அது உடலைத் தொட்டுத் தீப்பொறி நின்றுவிடும், அவ்வளவுதான். ஜப்பானிய வண்டிகளில் கைதேர்ந்த ஓட்டோ எலெக்ரீசியன் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, திறப்பைத் திருப்பினால் அந்த வயருக்குப் பற்றரி மின்சாரம் போகும்படி மாற்றிக் கட்டிவிட்டார். பற்றரி மின்சாரத்தால் தீப்பொறி தரும் கொயில் உள்ள வண்டிக்கு அது சரி. மக்னீட்டோவுக்கு அது நஞ்சு. முதல் உதையிலேயே புகை மணம் வந்தது. மக்னீட்டோவுக்குள் சுழலும் கம்பிச் சுற்றான ஆர்மேச்சரைக் கொழும்புக்கு அனுப்பி மறுபடி சுற்றி எடுக்க மூன்று மாதம் போயிற்று.

உங்களுடையது ட்ரயம்ப் என்பதால், முதலில் அதன் வயதைப் பாருங்கள். இயந்திரமும் கியர்ப்பெட்டியும் தனித்தனியாக இருந்தால் அது 1963 க்கு முந்தியது, மக்னீட்டோ இருக்க வாய்ப்புண்டு. இரண்டும் ஒரே உடலாக இருந்தால் பெரும்பாலும் பற்றரியும் கொயிலும் கொண்டது. 1966 முதல் 650கள் 12 வோல்ற்றுக்கு மாறின. பற்றரிக்கு மிஞ்சிய மின்சாரத்தை ஒரு சீனர் டயோட் வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடும். அந்த டயோட் காற்றுப்படும் இடத்தில், கனமான அலுமினியத் தகட்டில் இருக்க வேண்டும். கைவேலைச் சட்டகம் கட்டியவர்கள் அழகு கருதி அதைச் சீற்றுக்கு அடியில் ஒளித்துவைப்பது வழக்கம். அங்கே அது வெந்துபோகும். அதன் ஏர்த் சரியில்லாவிட்டாலோ, டயோட் வேலை செய்யாமல் பற்றரி கொதித்து அமிலம் வழியும்.

டைனமோ உயிரோடு இருக்கிறதா என்று அறிய அதைக் கழற்றி மேசைமேல் வைத்து, அதன் டி, எஃப் என்ற இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றரியின் ஒரு முனைக்கும், உடலை மறுமுனைக்கும் கொடுத்தால், நல்ல டைனமோ மோட்டாரைப் போல மெதுவாகச் சீராகச் சுழலும். சுனாமி நீரில் கிடந்த என்னுடையது, கார்பன் பிரஷ்களை மாற்றி, செம்புத் துண்டுகளுக்கு இடையில் உறைந்திருந்த உப்பைச் சுரண்டியபின் சுழன்றது. சும்மா கிடந்த டைனமோ தன் காந்தத்தை மறந்திருக்கும் என்பதால், வண்டியில் பூட்டுமுன் பற்றரியின் நேர்முனையை உடலில் வைத்து, எதிர்முனை வயரால் எஃப் முனையை ஒரு கணம் மட்டும் தொட்டெடுக்க வேண்டும். அந்த ஒரு பொறியில் அது எந்தப் பக்கம் மின்னைத் தர வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறது.

எல்லாம் பூட்டி முடித்து, பிரேக்கை மிதித்தபோது பின்விளக்கு மங்கியது. ஹோன் அடித்தால் முன்விளக்கு கண்ணை மூடிக்கொண்டது. புதிய வயர், புதிய சுவிச், புதிய பற்றரி. பிழை எதுவென்று இரண்டு கிழமை தேடினேன். கடைசியில் முன்விளக்கை எரியவிட்டு, மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மறுமுனையை விளக்கின் உலோக உடலிலும் வைத்தேன். இரண்டும் ஒரே ஏர்த் என்பதால் முள் அசையவே கூடாது, என்னிடம் 1.4 வோல்ற்றுக் காட்டியது. 6 வோல்ற்றில் 1.4 ஐ வழியில் பறிகொடுத்தால் பல்ப் பாதி வெளிச்சம்கூடத் தராது. காரணம் என் சொந்தக் கைவேலை: கடற்காற்றுக்குப் பயந்து சட்டகம் முழுவதற்கும் தடித்த பவுடர் பூச்சு அடித்திருந்தேன். அந்தப் பூச்சு மின்கடத்தாப் பொருள். விளக்கிலிருந்து திரும்பிவரும் மின்சாரம் ஹான்டில் தலையின் கிறீஸ் பூசிய குண்டுகளுக்கு ஊடாகவும், பின்விளக்கினது ரப்பர் புஷ் போட்ட சுவிங் ஆர்ம் ஊடாகவும் திண்டாடித் திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் சட்டகத்தை ஏர்த் ஆக நம்புவதே இல்லை. முன்விளக்கு, பின்விளக்கு, ஹோன், டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர், இயந்திரம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் தனி ஏர்த் வயர் எடுத்து, பற்றரிக்கு அருகில் பூச்சைச் சுரண்டிய ஒரே போல்ற்றில் சேர்த்திருக்கிறேன். மீற்றர் இப்போது 0.1 க்கு மேல் போவதில்லை. மட்டக்களப்பில் வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்க, செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்காத மாதம் கிடையாது. ஆகவே அந்தப் போல்ற்றை இறுக்கியபின் மேலே வஸலின் பூசிவிடுவேன்.

வயரின் தடிப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். 30 வாற்று முன்விளக்கு 6 வோல்ற்றில் 5 அம்பியர் இழுக்கும். அதே விளக்கு 12 வோல்ற்றில் அதன் பாதியே இழுக்கும். எனவே 6 வோல்ற்று வண்டிக்கு, பார்க்கச் சிறியதாக இருந்தாலும், தடித்த வயர் வேண்டும். பற்றரி, டைனமோ, முன்விளக்குக்கு 2 சதுர மில்லிமீற்றர், மற்றவற்றுக்கு 1 சதுர மில்லிமீற்றர் போட்டேன். பழைய வண்டிகள் பலவற்றில் பியூஸ் கிடையாது. பற்றரியின் எதிர்முனை வயரில் 15 அம்பியர் பியூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். வயரின் நடுவில் ஈயம் பற்றவைத்து ஒட்டாதீர்கள், ஈயம் முடியும் இடத்தில் அதிர்வு அதை ஒடித்துவிடும். முனைகளில் பூட்டும் சிறு பித்தளைக் குண்டுகளுக்கு மட்டும் ஈயம் வைத்தேன். அதுவும் 2022 இல் நாளெல்லாம் மின்வெட்டு இருந்த காலமாகையால், செம்பு முனைக்கோலைச் சிரட்டைக்கரி அடுப்பில் காய்ச்சித்தான் வைத்தேன். என் வண்டியில் பின் மட்கார்டைப் பட்டறைக்காரர் சுவிங் ஆர்மிலேயே பூட்டியிருப்பதால் பின்விளக்கு வயர் ஒவ்வொரு குழிக்கும் வளைந்து நிமிரும். அந்த இடத்தில் ஒரு வளையம் விட்டிருக்கிறேன். ஹான்டில் அருகிலும் இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து நீளம் விட வேண்டும்.

12 வோல்ற்றுக்கு மாற்றவா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுடையது 1966 க்குப் பிந்தியது என்றால் கேள்வியே இல்லை. முந்தியது என்றால், ஏர்த்தைச் சரிசெய்தபின் 6 வோல்ற்று வெளிச்சம் போதுமா என்று ஒருமுறை இரவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், எனக்குப் போதுமாயிற்று. எல்.ஈ.டி. பல்ப் போடுவதானால், நேர்முனை ஏர்த்திலும் எரியக்கூடியது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஓட்டோ உதிரிப்பாகக் கடைகளில் சும்மா கிடைப்பவை பெரும்பாலும் எரியாது.

முதன்முறை பற்றரியைப் பூட்டும்போது பியூஸைப் போடாமல், பியூஸ் பூட்டும் இரு முனைகளுக்கும் நடுவில் பழைய முன்விளக்குப் பல்ப் ஒன்றைக் கட்டுங்கள். எல்லாச் சுவிச்சும் அணைந்திருக்கையில் அந்தப் பல்ப் எரிந்தால், எங்கோ ஒரு வயர் உடலைத் தொடுகிறது. வண்டிக்குத் தீங்கு வராமல் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித் தேடலாம். எரியாவிட்டால் சுவிச்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பல்ப்பை எடுத்து பியூஸைப் போடுங்கள்.