எம்.எல்.ஏ. கேள்வி கேட்டால் ஊருக்குச் செவிலியர் வருவாரா?

கேள்வி: எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் ஒன்றரை ஆண்டாகக் கிராம சுகாதாரச் செவிலியர் இல்லை. பக்கத்து ஊர்ச் செவிலியர் எப்போதாவது ஒரு புதன்கிழமை வந்து தடுப்பூசி போட்டுவிட்டுப் போகிறார். மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். இன்னும் எந்தப் பதிவும் ஆகவில்லை. "எம்.எல்.ஏ.விடம் சொல்லிச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்ப வைக்கிறேன். இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள், கொஞ்சம் செலவும் ஆகும்" என்கிறார் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர். பணம் கொடுக்கலாமா? கேள்வி கேட்டால் ஆள் போடுவார்களா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். சட்டமன்றத்தில் வினா எழுப்புவதற்குக் கட்டணம் கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது, கையெழுத்து வேட்டையும் தேவையில்லை. உறுப்பினர் பேரவைச் செயலகத்துக்கு எழுதிக் கொடுத்தால் போதும். பிறகு எங்கிருந்து வருகிறது அந்தச் "செலவு"? கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் பதவியிழந்தார்கள். அந்த நீக்கம் செல்லும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பிரமுகர் வாங்கும் பணம் உறுப்பினர் வரைகூடப் போகாது என்பதுதான் என் ஊகம். தன் பெயரில் பேரம் நடப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைசியில் லெட்டர்பேடில் ஒரு பரிந்துரைக் கடிதத்தை வாங்கிக் கொடுத்து, "சட்டமன்றத்துக்குப் போய்விட்டது" என்பார்கள். பரிந்துரைக் கடிதம் வேறு, பேரவை வினா வேறு. இதே ஆட்கள்தான் அடுத்த மாதம், "உங்கள் பெண்ணுக்குச் செவிலியர் வேலை வாங்கித் தருகிறேன்" என்றும் வருவார்கள். அந்த வேலைக்கான நியமனம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வழியாக நடப்பது. எந்தப் பிரமுகரின் சட்டைப் பையிலும் அந்தப் பதவி இல்லை.

உறுப்பினரை நேரில் பாருங்கள். அவர் அமைச்சராக இருந்தால் அவையில் வினா எழுப்ப மாட்டார். பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் போகலாம். எந்தக் கட்சி என்று பார்க்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டதும் ஆள் வந்துவிடுவாரா என்றால், வர மாட்டார். கிடைப்பது ஒரு பதில். அந்தப் பதில் உங்களுக்குப் பயன்படுமா என்பது கேள்வி எப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. என் பொறுமையைச் சோதிக்கும் இடமும் இதுதான். நம் ஊர் மனுக்கள் எல்லாம், "செவிலியரை நியமிக்க அரசு ஆவன செய்யுமா?" என்றே முடிகின்றன. உறுப்பினரின் உதவியாளர் அதை அப்படியே படிவத்தில் எழுதுவார். பதில் என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: "காலிப் பணியிடங்கள் படிப்படியாக நிரப்பப்படும்." கூடவே அமைச்சர், மாநிலம் முழுவதும் எத்தனை நிலையங்கள், எத்தனை நியமனங்கள் என்று கொள்கை விளக்கக் குறிப்பில் உள்ள கணக்கை வாசிப்பார். மேசை தட்டுவார்கள். உங்கள் ஊரின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

ஆகவே, செய்வீர்களா என்று கேட்க வைக்காதீர்கள். இப்போது நிலைமை என்ன என்று கேட்க வைத்தால், பொத்தாம்பொதுவாகப் பேசித் தப்பிக்க முடியாது. நிலையத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, யார் கூடுதல் பொறுப்பில் இருக்கிறார், அவர் எத்தனை ஊர்களைக் கவனிக்கிறார் என்று கேட்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலை விளக்கியே ஆக வேண்டும். உங்கள் ஊர்ப் பணியிடம் காகிதத்தில் காலியாகவே இல்லாமல் இருக்கலாம். அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் மாற்றுப் பணியில் வேறொரு நிலையத்திலோ, ஏதேனும் ஓர் அலுவலகத்திலோ வேலை பார்ப்பார். சம்பளம் உங்கள் ஊர்ப் பணியிடத்தின் கணக்கில் போகும். அப்போது, "காலியிடம் உண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்பது சட்டப்படி உண்மையான பதில். "இருந்தால் எப்போது நிரப்பப்படும்?" என்ற அடுத்த பகுதிக்கு, "எழவில்லை", அதாவது அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உறுப்பினர் வாய் திறக்க இடமே இருக்காது. "மாற்றுப் பணியில் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர் உண்டா, எந்த ஆணையின்படி, எந்தத் தேதி வரை?" என்ற வரி வினாவில் கட்டாயம் இருக்க வேண்டும். இது நீண்ட விடுப்பில் இருப்பவருக்கும் பொருந்தும். மகப்பேறு விடுப்பிலோ படிப்பு விடுப்பிலோ ஒருவர் போனால் இடம் காலியாகாது, ஆளும் இருக்க மாட்டார். விடுப்புக்கு மாற்றாக யாரையும் போடாத நிர்வாகம், தாய்சேய் நலத்தைப் பற்றி ஆண்டுதோறும் விளம்பரம் கொடுப்பதை என்னவென்று சொல்வது!

"செவிலியர்" என்று மொட்டையாக எழுதுவதும் ஆபத்து. ஊருக்குள் இன்று மூன்று வகையானவர்கள் நடமாடுகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் நிரந்தரப் பணியாளர். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் ஒப்பந்தத்தில் வரும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேறு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர் வேறு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பேறுகாலம் வரை பின்தொடர வேண்டிய பொறுப்பு முதலாமவருக்கு. சொல்லைச் சரியாக எழுதாவிட்டால் மூவரையும் கூட்டி ஒரு பெரிய எண்ணைப் படித்துவிடுவார்கள்.

இந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினரைப் பார்ப்பது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். "ஏன் ஆள் போடவில்லை?" என்று கேட்காதீர்கள், விளக்கம் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆணையின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். அதற்கும் இப்போது "எழுதித் தருகிறேன், ஐந்நூறு கொடுங்கள்" என்று அலுவலக வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கத் தாளில் நீங்களே எழுதலாம்.

எம்.பி.யிடம் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மக்களவையில் வரும் பதிலின் முதல் வரியே பொறுப்பை மாநிலத்தின் தலையில் வைத்துவிடும். உங்கள் சிக்கலுக்கு அது வீண் அலைச்சல்.

சட்டமன்றம் ஆண்டில் கூடும் நாட்கள் குறைவு. கேள்வி நேரத்தில் உங்கள் வினாவின் முறை வராமலே போகலாம். எழுத்துமூலப் பதில் கிடைத்தாலும் போதும், அது ஆவணம். அமைச்சர் அவையில் வாக்குறுதி கொடுத்துவிட்டால் அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தேதியுடன் குறித்துவைத்து உறுப்பினருக்கு நினைவூட்டுங்கள். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது பொதுமக்களிடமே நேரடியாக மனு கேட்கும். அதில் ஒரு மனுவுக்கு ஒரே பிரச்சினை, ஒரே துறை. தனிநபர் குறையையும் அலுவலர் மீதான புகாரையும் ஏற்க மாட்டார்கள். ஆகவே பக்கத்து ஊர்ச் செவிலியரைத் திட்டி எழுதாதீர்கள். பாவம், இரண்டு ஊரைச் சுமப்பவர் அவர். "எங்கள் ஊராட்சி மக்களுக்குச் சேவை இல்லை" என்று எழுதுங்கள்.

இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். உங்கள் மருமகளுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. கர்ப்பப் பதிவு முதல் மூன்று மாதங்களுக்குள் முடிந்திருக்க வேண்டும். பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவு இணையதளத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம்; இல்லாவிட்டால் நாளைக்கே ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்துடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பதிவில் கிடைக்கும் பிக்மி எண் இல்லாவிட்டால், கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியில் சிக்கல் வரும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் இழுத்தடிப்பார்கள். "உங்கள் ஊர்ச் செவிலியர்தான் பதிய வேண்டும்" என்று அங்கே திருப்பி அனுப்பினால், வட்டார மருத்துவ அலுவலரைப் பார்த்து அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத்தில் தர மாட்டார்கள், பதிவு செய்துவிடுவார்கள்.